அறியாமல் வந்த தீர்ப்பு, முடங்கிய வங்கிக் கணக்கு

ஏடிஎம்மில் பணம் வரவில்லையே என்று வங்கிக்குப் போனால், “கோர்ட் ஆர்டர் வந்திருக்கு” என்கிறார்கள். யார் போட்ட வழக்கு, எந்தக் கடன் என்று ஒன்றும் தெரியாது. பலர் முதல் சில நாட்களை மேலாளரிடம் மன்றாடியே கழித்துவிடுகிறார்கள். நீதிமன்றம் சொல்லாமல் அவரால் ஒரு ரூபாயைக்கூட விடுவிக்க முடியாது. அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஆணையின் நகல். வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் அதில் இருக்கும். (முடக்கியது சைபர் போலீஸோ வருமான வரித் துறையோ என்றால் வழி வேறு.)

பெரும்பாலும் சிக்கல் பழைய முகவரியில் தொடங்குகிறது. சம்மன் கொண்டுபோன நீதிமன்ற ஊழியரான அமீனாவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் கதவில் ஒட்டவும், தேவைப்பட்டால் நாளிதழில் விளம்பரம் கொடுக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது அவர் இல்லாமலேயே தீர்ப்பு. அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. அடைத்து மறந்த கடனுக்குக்கூட இப்படித்தான் கணக்கு முடங்குகிறது.

டிகிரி கொடுத்த அதே நீதிமன்றத்தில், அந்தச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13-இன்படி அதை ரத்து செய்யக் கோரலாம். சம்மன் முறையாகச் சார்வு (சேர்ப்பிப்பு) ஆகவில்லை, அல்லது வரமுடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கெடு 30 நாள். சம்மன் சார்வாகாதவருக்கு, டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அது ஓடும். வங்கி தகவல் சொன்ன தேதியை அன்றே குறித்துவைப்பது அவசியம். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வேண்டும்.

வழக்கின் உயிர் நீதிமன்ற ஆவணக் கட்டில் இருக்கிறது. சம்மன் எப்படித் திரும்பியது, அமீனா என்ன எழுதினார், எந்த முகவரி கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்கி, அந்தக் காலத்து வாடகை ஒப்பந்தத்தோடும் மின்கட்டண ரசீதோடும் ஒப்பிட வேண்டும். ஆனால் பதிவுத் தபாலை வாங்க மறுத்தவருக்கு இந்த வாதம் உதவாது. மறுப்பே சார்வாகக் கொள்ளப்படும்.

மனு போட்டதாலேயே முடக்கம் நீங்காது; டிகிரியை நிறைவேற்றத் தடையாணையும் கேட்க வேண்டும். ஒரு பகுதிப் பணத்தைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு உண்டு. டிகிரி ரத்தானால் வழக்கு மறுபடி நடக்கும். ரசீதையும் கையெழுத்தையும் பற்றிப் பேச அப்போது இடம் கிடைக்கும்.

டிகிரி சரியானதே என்றாலும் எல்லாப் பணத்தையும் தொட முடியாது. ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 பாதுகாப்பு தருகிறது. ஓய்வூதியப் பலன்களை வைப்புத்தொகையாகப் போட்டாலும் ஜப்தி செய்யக்கூடாது என்று பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளத்தைப் பணியிடத்திலேயே பிடித்தாலும் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 31,000 ரூபாய் வாங்குபவரிடம் கடனுக்காக 10,000-க்கு மேல் பிடிக்க முடியாது. இதை வங்கி தானாக எடுத்துச் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பாஸ்புக் பக்கங்களோடு கணக்குதாரரே மனு செய்ய வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.