பம்பு இழுக்காது, தள்ளும்

பொள்ளாச்சியில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால், அப்பா ஒரு குடம் தண்ணீரில் சாணியைக் கரைத்துப் பம்புக்குள் ஊற்றுவார். உள்ளிருக்கும் காற்று வெளியேறும், சாணி பொடிக் கசிவுகளை அடைக்கும், தண்ணீர் ஏறிவிடும். பல வருடம் கழித்து, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், என் வீட்டுக் கராஜில் பீர் காய்ச்சியபோது அந்தக் குடம் நினைவுக்கு வந்தது.

சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே குற்றமில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது.

முளைகட்டி, காயவைத்து, உடைத்த பார்லியைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்த அந்த இனிப்புச் சாறுதான் வோர்ட். அதில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். என் ஓர் ஈடு 5 கேலன், அதாவது 19 லிட்டர். அத்தனை சூட்டோடு பானையைத் தூக்கிக் கவிழ்க்க மனம் வராமல்தான் பம்பு வாங்கினேன்.

முதல் நாள் பம்பை மேசைமேல், பானைக்குச் சமமாக வைத்தேன். வேகத்தைக் குறைக்கப் பம்புக்கு முன்னாலிருந்த வால்வைத் திருகினேன். கல் அரைபடுவதுபோல் 'கரகர' சத்தம்; ஓட்டம் நின்றுவிட்டது.

அப்பாவை ஃபோனில் கூப்பிட்டேன். பார்லிக் கஞ்சி என்று மட்டும் சொன்னேன்.

"கஞ்சிக்குக் கீழ மோட்டார வெய்யி கண்ணு. அப்புறம் புட்வால்வே வேண்டாமே!"

புட்வால்வு என்பது கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் வால்வு. விஷயம் அவ்வளவுதான். இந்த வகைப் பம்பு தானாக உறிஞ்சாது. தன்னிடம் வந்து சேர்வதைத் தள்ளும். வரும் வழியை நெரித்தால் உள்ளே அழுத்தம் குறையும். கொதிக்கிற வோர்ட்டுக்கு அதுவே போதும், ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். பம்பு கீழே இருந்தால் மேலே நிற்கும் வோர்ட்டின் எடையே அந்த அழுத்தத்தைக் காக்கும்.

மறுவாரம் பம்பை ஸ்டாண்டின் அடித்தட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். அதன் பாரம் பானையின் வால்வில் தொங்கக் கூடாது. காற்று தானே மேலேறட்டும் என்று வெளிவாயை மேல்நோக்கித் திருப்பினேன். மூட்டுகளுக்கு டெஃப்லான் டேப். சூடு தாங்க அரை அங்குல சிலிகான் ஹோஸ். வால்வை வெளிவாய்ப் பக்கம் மாற்றினேன். என் பம்பில் இம்பெல்லரை, அதாவது தள்ளும் சக்கரத்தை, சுழற்றுவது காந்தம்; மோட்டாருக்கும் அதற்கும் நடுவே சுவர். அதனால் அந்தப் பக்கம் ஓட்டத்தைக் குறைத்தாலும் கெடாது. வறண்டு ஓடினால்தான் ஆபத்து. மோட்டார்மேல் வோர்ட் சொட்டாமலிருக்க ஒரு தகரக் கூரை. மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பிளக்கில் செருகினேன்.

இப்போதெல்லாம் முதலில் இரண்டு வால்வையும் திறந்து, ஹோஸில் குமிழி அடங்கும்வரை காத்திருப்பேன். பிறகுதான் சுவிட்ச். வோர்ட்டை வடிக்கும்போது பார்லி இறுகி அடைத்துக்கொள்ளாதபடி வேகத்தை மெல்லத்தான் கூட்டுவேன்.

ஞாயிறு தவறாமல் அப்பா கேட்கிறார்: "கஞ்சி ஏறுதா கண்ணு?"