பெரட்டில் பேர் இல்லாவிட்டாலும் உடம்புக்குப் பெரட்டு உண்டு



வேலை போனவனுக்கு என்ன போகிறது என்று கேட்டால், சம்பளம் போகிறது என்றுதான் எல்லாரும் சொல்வோம். தோட்ட ஆஸ்பத்திரியில் நின்று பார்க்கிற எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. சம்பளத்தோடு அவனுடைய நடையும் போகிறது. சம்பளம் போனது முதல் மாதமே தெரிந்துவிடும். நடை போனது ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரியும், அதுவும் என் மேசைமேல் இருக்கிற பிரஷர் கருவியில்.

2022ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு முழுக்கச் செம்பனை போட்டார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த பலருக்கு வேலை நின்றது. அதில் ஒருவருக்கு வயது 48, சர்வீஸ் 21 வருஷம். குலை அறுக்கிற வேலைக்கு இளவட்டங்களைத்தான் எடுத்தார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் இரவு, ஆஸ்பத்திரி மூடுகிற நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். பட்டணத்தில் காவல் வேலைக்குப் போட்டிருக்கிறார். மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள்.

"டிரஸ்ஸர் ஐயா, பெரிய டாக்டர்கிட்ட சொல்லி, உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொடுங்கய்யா. இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பிரஷர் பார்த்தேன். 170க்கு 104. விரல் குத்திப் பார்த்ததில் சீனியும் கூடியிருந்தது. எடை ஏழு மாதத்தில் 9 கிலோ ஏறியிருந்தது. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர்.

"அண்ணே, பொய் எழுதினா தாள் பாஸாகும். உடம்பு பாஸாகுமா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. சற்று நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு, "காலையில எழுந்திருக்கவே பிடிக்கலைங்கய்யா. பெரட்டுல பேரு இல்லாத ஆளு எழுந்து என்ன பண்றது?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

வேலையோடு எது போயிற்று?

பால்மரம் வெட்டுகிறவர் செய்கிற வேலையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஏறக்குறைய 500 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நடை, ஒரு குனிவு, ஒரு வெட்டு. பிறகு அதே மரங்களுக்குத் திரும்பி நடந்து மங்கிலிருந்து பால் எடுக்க வேண்டும். ஸ்டோருக்குத் தூக்கிப் போக வேண்டும். மேடு, பள்ளம், வழுக்கல் எல்லாம் இதில் அடக்கம். பட்டணத்தில் இதற்குப் பணம் கட்டி ஜிம்முக்குப் போகிறார்கள். நமக்கு அது கூலி வேலை. அதனால் அதன் பெயர் தேகப்பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை.

வேலை நின்ற மறுநாளே இந்த நடை நின்றுவிடுகிறது. ஆனால் சோறு நிற்பதில்லை. 500 மரம் வெட்டியவர் சாப்பிட்ட அதே தட்டு, அதே கெட்டிப்பால் தே, கூடவே பொழுது போகாமல் கடைக்குப் போய் ரொட்டி சானாய். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. அதை எரிக்க ஒரு மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அது எங்கே போகும்? வயிற்றில்தான் தங்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. நாற்பதைத் தாண்டினால், உழைக்காத தசை மெல்லக் கரையும். நாம் சாப்பிட்ட சீனியை வாங்கி எரிக்கிற பெரிய அடுப்பு தசைதான். அடுப்பு சின்னதானால் சீனி ரத்தத்திலேயே நின்றுவிடும். அப்படித்தான் இனிப்பு நீர் வருகிறது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். மூன்று பெரிய இனத்தாரில் நம்மவர்களுக்குத்தான் அதிகம். தனக்கு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களும் பலர்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டு வெளியானது. வாரம் 150 நிமிட நடையோடு உணவைக் குறைத்து எடையையும் கொஞ்சம் இறக்கியவர்களுக்கு, எதுவும் செய்யாதவர்களைவிட இனிப்பு நீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 31 விழுக்காடுதான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்தது. ஆகவே, "இந்த வயசுல இனிமே என்ன?" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் காலை

அந்த அண்ணனிடம் இரண்டே காரியம் சொன்னேன். ஒன்று, நாளைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பார்த்து மருந்தை ஆரம்பிக்க வேண்டும். இரண்டு, பால்வெட்டுக்கு எழுந்த அதே ஐந்து மணிக்கு எழுந்து, அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்து வர வேண்டும். அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடம். திரும்பிப் போகப் பத்து நிமிடம்.

"யாராவது பார்த்தா, வேலையில்லாம சுத்துறான்னு சொல்லுவாங்கய்யா."

"சொல்லட்டும் அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே!"

முதல் வாரம் மூன்று நாள்தான் வந்தார். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் அவர் மனைவியும் சேர்ந்து வந்தார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒருவர் சோம்பினால் மற்றவர் எழுப்பிவிட்டார். லயத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு சொன்ன கணக்கு இதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம். வாரம் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

தசைக்கு வீட்டிலேயே செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரண்டு கையையும் வைத்து, சுவரைத் தள்ளுகிற மாதிரி பத்துத் தடவை முன்னே சாய்ந்து நிமிருங்கள். எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்துத் தடவை தூக்கி இறக்குங்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு சுற்று. கைக்குப் பாரம் வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு, சுகாதார அமைச்சு சொல்கிற சூக்கு-சூக்கு செப்பாரு கணக்கு நமக்கும் பொருந்தும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு. கெட்டிப்பால் தேயைக் கோசோங்காக மாற்றுங்கள். தாய்மார்களே, தட்டில் சோற்றைக் குறைத்தால் பாசம் குறைந்ததாக அர்த்தமில்லை.

இடுப்பு வலி, முதுகு வலி இருக்கிறவர்கள் படுத்தே கிடந்தால் வலி நீளும். மெதுவாக நடமாடுவதுதான் நல்லது. ஆனால் கால் மரத்துப்போய் பலம் இழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கவனம்

நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ உடனே நில்லுங்கள். நின்றும் விடவில்லை என்றால் 999க்குப் போன் செய்யுங்கள். பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் நடை. இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வேர்த்து, கை நடுங்கினால் வாயில் போடுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடக்கிறோமே என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனசும் உடம்பில்தான் இருக்கிறது

வேலை போன ஆண்களில் பலர் வாய்விட்டுப் பேசுவதில்லை. சம்சுக் கடைக்குப் போகிறார்கள், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் அது ஒரு நோய். அதற்கும் கிளினிக்கில் வைத்தியம் உண்டு. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிடுங்கள், சுகாதார அமைச்சின் 15555 எண்ணைக் கூப்பிடுங்கள். காலை நடை இந்த நோய்க்கும் நல்ல துணை.

நடையும் வேண்டும், நியாயமும் வேண்டும்

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வது, கிடைக்க வேண்டிய பணத்தை மறந்துவிடு என்று சொல்வதற்காக அல்ல. 1980ஆம் ஆண்டு வேலைநிறுத்த ஈட்டுத்தொகை விதிமுறைப்படி, ஒரு வருஷம் முதல் இரண்டு வருஷத்துக்குள் சர்வீஸ் உள்ளவருக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 21 வருஷம் உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம் வர வேண்டும். அந்த அண்ணனுக்கு அது கிடைத்தது.

ஆனால் இன்னொன்றை அவர் கோட்டை விட்டுவிட்டார். பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில், ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை உண்டு. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம்வரை கிடைக்கலாம். வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். அவர் என்னிடம் வந்தது ஏழாம் மாதம். வெட்கத்தில் வீட்டுக்குள் இருந்தவருக்கு யார் சொல்வது? உங்கள் லயத்தில் யாருக்காவது வேலை போனால், அனுதாபம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த வாரமே சங்கக் காரியாலயத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

பிறகு?

நாலு மாதம் கழித்து அவருக்குப் பிரஷர் 136க்கு 84. எடை 5 கிலோ இறங்கியிருந்தது. மருந்து, நடை, சாப்பாடு மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. காவல் வேலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தோட்ட வேலை கிடைத்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. நடந்ததால் வேலை கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். வேலை வந்தபோது அதைச் செய்கிற உடம்பு இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பரிசோதனைக்கு அவர் யாரிடமும் துண்டு கேட்கவில்லை.

இப்போதும் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்க்கலாம். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப பெரட்டுக்கு யாரும் பேரு கூப்பிடறதில்லைங்கய்யா. நானே கூப்பிட்டுக்கிறேன்."

வேலை இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் இந்த மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து போங்கள். பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். காசு வேண்டாம்.