நாய்க்குட்டிக்கு வாத்தியார் தேடுகிறீர்களா?

சித்த வைத்தியர் எழுதும் பக்கத்தில் நாய்க்குட்டிக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. எங்கள் குமாரபாளையத்தில் இப்போது பல வீடுகளில் நாய்க்குட்டி வந்துவிட்டது. தறிப் பட்டறைக் காவலுக்கு என்று சிலர் வாங்குகிறார்கள். பிள்ளைகள் அடம் பிடித்தார்கள் என்று சிலர் வாங்குகிறார்கள். குட்டி வந்து இரண்டு, மூன்று மாதம் போனதும் என் கிளினிக்கில் இந்தக் குரல் கேட்கும்: "ஏனுங்க டாக்டர், பையன் கையில பல்லு பட்டுருச்சுங்க. நம்ம வூட்டு நாய்தானுங்க. பச்சிலை ஏதாச்சும் இருந்தா குடுங்க..."

பச்சிலை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்தப் பல் படாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பயிற்சியாளரைச் சரியான நேரத்தில் பிடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது ஆரம்பிப்பது?

"குட்டி கொஞ்சம் பெருசாகட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள். இது தப்புக் கணக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்போம் அல்லவா? நாய்க்கு அந்த ஐந்து என்பது வருடக் கணக்கல்ல, வாரக் கணக்கு. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-வது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதை 'இது நம்ம உலகம்' என்று ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு புதிதாக வருவதை எல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

எங்கள் ஊர்க் குட்டிக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால் குடை விரிவதை, கைத்தடி ஊன்றி வரும் தாத்தாவை, ஹெல்மெட் போட்ட ஆளை, ஓடி விளையாடும் குழந்தைகளை அது சின்ன வயதில் பார்க்காவிட்டால் பிற்பாடு மிரளும். கோபத்தில் கடிக்கும் நாயைவிடப் பயத்தில் கடிக்கும் நாய்தான் அதிகம்.

'தடுப்பூசி முடியும் முன் வெளியே கொண்டு போகலாமா?' என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 7, 8 வார வயதிலேயே, முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளாவது ஆனபின், குட்டிகள் வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது. கூட வரும் குட்டிகளும் ஊசி போட்டவையாக இருக்க வேண்டும், இடம் சுத்தமாக இருக்க வேண்டும். தெருநாய்கள் உலவும் இடத்தில் தரையில் விடாதீர்கள். பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் தொற்றும். மடியில் தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டுங்கள்.

இன்னொன்று. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ம் வருட நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான் 'இவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும்' என்ற முதல் பாடத்தைக் குட்டி படிக்கிறது. ஒரு மாதக் குட்டியை வாங்கி வந்தால், அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம்.

குறும்பா, நோயா?

வாத்தியாரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்குள் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் குட்டிக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். தலையைத் தொட்டால் உறுமும் நாய்க்குக் காது வலி இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத குட்டிக்குக் காதே கேட்காமல் இருக்கலாம். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு கொஞ்சம் அதிகம். நம் ராஜபாளையம் இனத்திலும் இது உண்டு. 'திமிர் பிடிச்ச நாய்' என்று அடி வாங்கும் குட்டி உண்மையில் செவிட்டுக் குட்டியாக இருந்தால் எவ்வளவு பாவம்! வலியையும் ஊனத்தையும் பயிற்சியால் குணப்படுத்த முடியாது.

எங்கே தேடுவது?

நான் சித்த மருத்துவர் என்று போர்டு மாட்ட வேண்டுமானால் படித்துப் பட்டம் வாங்கி, பதிவு செய்திருக்க வேண்டும். 'நாய்ப் பயிற்சியாளர்' என்று போர்டு மாட்ட அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆகவே விசாரிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

முதல் இடம், உங்கள் கால்நடை மருத்துவர். யாரிடம் போன நாய்கள் ஊசி போட வரும்போது அமைதியாக நிற்கின்றன, யாரிடம் போனவை நடுங்குகின்றன என்பது அவருக்குத் தெரியும். நம் பகுதிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும்போது அங்குள்ள மருத்துவர்களிடம் கேளுங்கள். ஏற்காடு கோடை விழாவில் நடக்கும் நாய்கள் கண்காட்சியும் நல்ல இடம். அங்கே அழகான நாயைப் பார்த்து மயங்காதீர்கள். கூட்டத்துக்கு நடுவில் எஜமானர் பக்கத்தில் நிதானமாக உட்கார்ந்திருக்கும் நாயைப் பாருங்கள். "யாருங்க பழக்கினது?" என்று அவரிடம் கேளுங்கள். ஈரோடு, சேலம், கோவையிலிருந்து வீட்டுக்கே வந்து சொல்லித் தருபவர்களும் உண்டு. ராணுவத்திலும் போலீஸிலும் நாய்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், அவர் பழக்கிய இரண்டு நாய்களை அவற்றின் வீட்டிலேயே போய்ப் பாருங்கள்.

ஆறு கேள்விகள்

போனிலேயே கேட்டுவிடுங்கள்.

1. "நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்?" இதுதான் முக்கியமான கேள்வி. பதிலில் அடி, உதை, பட்டினி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. "சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள்?" தீனி, விளையாட்டு, தட்டிக்கொடுத்தல் என்று பதில் வர வேண்டும்.

3. "வகுப்பில் நாங்களும் இருக்கலாமா?" கூடாது என்றால் நீங்களும் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

4. "தடுப்பூசி அட்டை வேண்டுமா?" அதைக் கேட்காதவர் மற்ற நாய்களின் அட்டையையும் கேட்டிருக்க மாட்டார்.

5. "எத்தனை வகுப்பு, எவ்வளவு கட்டணம், நடுவில் நிறுத்தினால்?" மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள்.

6. "முழு உத்தரவாதம் தருவீர்களா?" நல்லவர் "உங்க ஒத்துழைப்பைப் பொறுத்ததுங்க" என்பார். "நூத்துக்கு நூறு கேரண்டி" என்பவரிடம் ஜாக்கிரதை! உயிருள்ள பிராணிக்கு கேரண்டி கார்டு கிடையாது.

அடித்தால் என்ன தப்பு?

"அடியாத மாடு படியாதுங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹவாய்த் தீவில் டால்பின் மீன்காட்சி நடத்திய கேரன் பிரையர் என்ற அம்மையார் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார். டால்பினைக் கட்டிப் போட முடியாது. அடிக்கவும் முடியாது, நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். அவ்வளவுதான்! அது துள்ளியது, வளையத்தில் பாய்ந்தது. இதே முறை நாய்க்கும் பொருந்தும் என்று 1984-ல் அவர் எழுதிய புத்தகம் பயிற்சியாளர்களின் போக்கையே மாற்றியது.

ஆரோக்கியக் கண்ணோட்டத்திலும் ஆதாரம் உண்டு. போர்ச்சுக்கல் நாட்டில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தும், அதட்டியும் பழக்கும் பள்ளி நாய்களுக்கு, வகுப்பு முடிந்ததும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. தீனி கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு அப்படி ஏறவில்லை.

அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். 'அடங்கிருச்சு' என்று நாம் சந்தோஷப்படுவோம். உறுமல் என்பது 'கிட்ட வராதே' என்ற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும். அந்தக் கடி பெரும்பாலும் வீட்டிலேயே குள்ளமானவருக்கு, அதாவது குழந்தைக்குத்தான்.

குடோன் காவலுக்கு 'அட்டாக் டிரெயினிங்' வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அந்நியர் வந்தால் குரல் கொடுப்பது எந்த நாய்க்கும் இயல்பாகவே வரும். நம் கோம்பை, சிப்பிப்பாறைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அனுப்பி வைக்கலாமா?

"ரெண்டு மாசம் அவங்ககிட்டயே விட்டுடறோம், பழக்கிக் குடுத்துருவாங்க" என்று சிலர் குட்டியை விடுதியில் சேர்க்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் டேக்கன்பூர் என்ற ஊரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் 1970-லிருந்து இருக்கிறது. அங்கே நாயை மட்டும் பழக்கி அனுப்புவதில்லை. அதைக் கையாளப் போகும் காவலரும் மாதக்கணக்கில் கூடவே தங்கிப் படிக்கிறார். பிறகு இருவரும் ஜோடியாக வேலைக்குப் போகிறார்கள். துப்பாக்கி பிடித்த போலீஸ்காரருக்கே பாடம் தேவை என்றால், நமக்குத் தேவையில்லையா? விடுதியில் படித்த நாய் பயிற்சியாளர் சொன்னால் உட்காரும். நீங்கள் சொன்னால் 'இவர் யார்?' என்று பார்க்கும்.

வீட்டுப் பாடம்

பயிற்சியாளர் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வருவார். மீதி நேரம் உங்கள் கையில்தான்.

* கட்டளைச் சொல் ஒன்றே இருக்கட்டும். பாட்டி "உக்காரு" என்று சொல்ல, பேத்தி "சிட்" என்று சொல்ல, அப்பா "டேய், படு" என்று சொன்னால் குட்டி என்ன செய்யும்? எல்லோரும் கூடிப் பேசி, சொற்களைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

* ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப் போங்கள். சரியான இடத்தில் சிறுநீர் கழித்தால் அங்கேயே பாராட்டுங்கள்.

* தீனி கடலைப் பருப்பு அளவு போதும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, முட்டை, காரட். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

* பாதம், காது, வாய் எல்லாவற்றையும் தினம் மெதுவாகத் தொட்டுப் பழக்குங்கள். பிற்பாடு மருத்துவருக்கு வேலை சுலபம்.

* நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால் பல் விழுந்து புதுப் பல் வரும். ஈறு குறுகுறுக்கும், கண்டதைக் கடிக்கும். கையைக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த காரட்டைக் கொடுங்கள்.

* எங்கள் பக்கத்து வெயிலில் நடைப்பயிற்சி விடியற்காலையில்தான். புறங்கையைத் தார் ரோட்டில் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

* சாப்பிடும் நாய், தூங்கும் நாய் பக்கத்தில் சின்னக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

பல் பட்டுவிட்டால்...

இப்போது பச்சிலைக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் நஞ்சு மருத்துவம் ஒரு தனிப் பாடம். அதைப் படித்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: நாய்க்கடிக்கு என்னிடம் பச்சிலை கேட்காதீர்கள். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிட்டால் அனேகமாக மரணம்தான். அதற்கு முன் தடுத்தால் பிழைப்பது உறுதி. அந்தத் தடுப்பு, ஊசியில்தான் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய பிராணிகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனை. பல் கீறி ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும். 'தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி' என்று பயப்பட வேண்டாம். அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் சிறிய ஊசிதான். முதல் ஊசி நாளுக்குப் பின் 3, 7, 28-ம் நாட்களில் மறுபடி போட வேண்டும். 28-ம் நாள் ஊசியை மறக்காதீர்கள். 'நம்ம வூட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அதை மருத்துவர் சொல்லட்டும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி, வருடா வருடம் ஊசி. அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

குட்டி இன்னும் வீட்டுக்கு வரவில்லையா? ரொம்ப நல்லது. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து, காலையில் யார் நடத்திப் போவது, யார் சோறு வைப்பது, கட்டளைச் சொல் எவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். யாரும் கை தூக்கவில்லை என்றால், குட்டியும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். கை தூக்கினால், அவரையே முதல் மாணவராக உட்கார வைத்து, பயிற்சியாளருக்குப் போன் செய்யுங்கள்.