மினுங்கும் பக்கம் மேலா, கீழா?

தென்மேல் பருவக்காற்று தன் மழையை இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். ஈரமோ ஏற்கெனவே போய்விட்டது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வீசும் கச்சான் காற்று இதுதான். கடற்காற்றையே கரையேற விடாத அளவுக்கு அது பலமாக அடிக்கும் நாள்களும் உண்டு. ஆனாலும் திருகோணமலைப் பாலையூற்றில் ஒரு தகரக் கூரையின் கீழ்ப் பகல் இரண்டு மணிக்குப் படுத்திருப்பவரை வாட்டுவது கச்சான் மட்டுமல்ல. அதே காற்றில், வெளியே வேப்பமரத்தடியில் இருக்க முடிகிறது, வீட்டுக்குள் முடிவதில்லை. குற்றவாளி தலைக்கு மேலே இருக்கிறது.

பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் இருக்கும் ஊர் இது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்நேரம் சுவர்களில் வெயில் படுவதில்லை, அத்தனையும் கூரைக்குத்தான். தெளிந்த வானத்தில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,000 வாற்று. துருவேறிய தகரம் இதில் 65 பாகை செல்சியஸைச் சாதாரணமாக எட்டும்.

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசும். விறகடுப்பைத் தொடாமல் பக்கத்தில் நின்றாலே முகம் சுடுவது இதனால்தான். 65 பாகையிலுள்ள தகரம் கீழே அனுப்புவதையும், படுத்திருப்பவரின் தோல் திருப்பி அனுப்புவதையும் கழித்துப் பார்த்தால், சதுர மீற்றருக்கு 200 வாற்று அளவு உடம்பின் கணக்கில் சேருகிறது. மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்றைத்தான் அசைக்கும்; கதிரை அசைக்காது.

ஹாட்வெயார் கடைகளில் றோலாக விற்கும் அலுமினியத் தாள் இந்த இடத்தில்தான் உதவுகிறது. பழைய தகரமோ அஸ்பெஸ்டோஸ் சீற்றோ வீசக்கூடிய கதிரில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை வீசிவிடும். பளபளப்பான அலுமினியம் நூற்றில் ஐந்து பங்கைக்கூட வீசாது. அந்தத் தாளே 65 பாகைக்குச் சூடேறினாலும், மேலே சொன்ன 200 வாற்று பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஒரேயொரு நிபந்தனை: மினுங்கும் பக்கத்துக்கு எதிரே காற்று இருக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம். தகரத்தோடு ஒட்டி அடித்தால் மேற்பக்கத்து மினுமினுப்பு வீண். தாளோடு வரும் ஐந்து மில்லிமீற்றர் நுரைப் படையை நம்பியும் பயனில்லை; வேலையில் பெரும்பங்கைச் செய்வது இடைவெளிதான். குறைந்தது ஓர் அங்குலம் விட வேண்டும்.

இருக்கும் வீட்டுக்கு எளிய வழி, கைமரங்களின் அடிப்பக்கத்தில் தாளை அடிப்பது. கைமரத்தின் உயரமே இடைவெளியாகிவிடும். தாழ்வாரத்திலும் முகட்டிலும் கொஞ்சம் திறந்துவிட்டால் சூடேறிய காற்று மேலே வெளியேறும். அந்தத் திறப்புகளில் கம்பிவலை அடித்தால் எலியும் வௌவாலும் குடியேறா. அஸ்பெஸ்டோஸ் கூரையென்றால் ஆணியும் துளையும் மரத்தோடு நிற்கட்டும். சீற்றை அறுத்தாலோ துளைத்தாலோ பறக்கும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு.

புதிதாக ஓடு போடுபவர்கள் கைமரத்துக்கு மேலே, சிலாகைக்குக் கீழே தாளை விரிக்கலாம். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போக வேண்டும். மேல் விரிப்பு கீழ் விரிப்பின்மேல் ஆறு அங்குலம் ஏறிப் படிய வேண்டும். மாரியில் வாடைக் காற்று ஓட்டிடுக்கில் அடித்துத் தள்ளும் மழைநீர் அப்போது தாள்மேல் வழிந்து வெளியே போய்விடும். முறை மாறினால் அதே நீர் வீட்டுக்குள் வரும்.

இனி ஓடாவியிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி: “அண்ணன், மினுங்குற பக்கம் மேலயா, கீழயா?” ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் தாளென்றால், கீழே. வெயில் மேலிருந்து வரும்போது இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் கதிரை உள்வாங்க மறுக்கும் பரப்பு கதிரை வெளிவிடவும் மறுக்கும் என்று 1859இலேயே ஜெர்மன் விஞ்ஞானி கிர்க்கொவ் காட்டிவிட்டார். எனவே கீழ்நோக்கிய பளபளப்பும் அதே வேலையைச் செய்யும். மேல்நோக்கிய பளபளப்பில் தூசு படியும். படிந்த தூசு தாளைப் பழைய தகரத்தின் குணத்துக்கே கொண்டுபோய்விடும். கீழ்ப்பக்கத்தில் தூசு தங்காது. இரு பக்கமும் மினுங்கும் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ரொறொன்ரோவிலிருந்து வரும் உறவினர்கள் வேறொன்றையும் சொல்வார்கள்: அங்கே வீட்டையே வெள்ளைத் தாளால் சுற்றிக் கட்டுவார்களாம். உண்மைதான். 1955இல் டியூபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்ட பொலித்தீன் பஞ்சிலிருந்து பிறந்த டைவெக் அந்த வகையில் பெயர்பெற்றது. மழைத்துளி அதைத் தாண்டி உள்ளே போகாது. நீராவி வெளியே வரும். பலகைச் சட்டத்தால் ஆன கனடியச் சுவர் உக்காமலிருக்க அது வேண்டும். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரம் வெளிநோக்கித் தள்ளும் என்பதால், சுவரின் உட்பக்கத்தில் நீராவியைத் தடுக்கும் பொலித்தீனும் போடுகிறார்கள்.

நம் சீமெந்துக்கல் சுவரில் உக்குவதற்கு மரமில்லை; அந்தச் சுற்றுத்தாளுக்கு இங்கே வேலையுமில்லை. பொலித்தீனையும் அங்குபோல் உள்ளே போட்டால் தொல்லைதான். வெளியே 32 பாகையும் 75 வீத ஈரப்பதனும் இருக்கும்போது, 27 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். 24 பாகையில் ஏசி ஓடும் அறையில் ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. உட்பக்கப் பொலித்தீனின் முதுகில் அது தண்ணீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். இங்கு தடுப்பு வெளிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

வெப்பத்தை மேலேயே மறிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் கிடுகுகள் காற்றைச் சிறைபிடித்தே வீட்டைக் குளிர வைத்தன. நெருப்பும் அடிக்கடி மாற்ற வேண்டிய செலவும்தான் அவற்றின் எதிரிகள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா நெளிவுச் சீமெந்துச் சீற்றின்மேல் பீலியோடுகளை அடுக்கினார். சீற் மழையைத் தடுத்தது. ஓடு சீற்றுக்கு நிழலானது. இன்னும் மலிவான வழி வெள்ளை பூசுவது. அகமதாபாத்தின் வெப்பச் செயற்றிட்டத்தில் அது இடம்பெற்றது. தெலங்கானா 2023இல் இதற்கெனக் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது.

கையிலுள்ள பணம் கொஞ்சமென்றால் முதலில் கூரைக்கு வெள்ளை, அடுத்து இடைவெளி விட்ட அலுமினியத் தாள். றெஜிபோம் சீலிங் போட நினைத்தால், அதை விறகடுப்புள்ள குசினிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும். பிறகும் பணம் மிஞ்சினால் மேற்குச் சுவரோரம் ஒரு பத்தி இறக்குங்கள். பின்னேர வெயிலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் படுக்கும் நேரத்தில்தான் அறைக்குள் விடுகிறது. கூரைக்கு அடித்த தாளால் அதைத் தடுக்க முடியாது.