திருவெண்காட்டு இடபவாகனர் செப்புத்திருமேனி: தொன்மமும் கல்வெட்டும் காலக்கணிப்பும்

முன்னுரை

சோழர் காலச் செப்புத்திருமேனிகளுள் பெரும்பாலானவற்றில் எழுத்துப் பொறிப்பு இல்லை. வடித்தவர் பெயரோ, செய்வித்தவர் பெயரோ, ஆண்டோ அவற்றில் காணப்படுவதில்லை. ஆதலின் அவற்றின் காலம் முகஅமைப்பு, அணிகலன், ஆடைமடிப்பு, உடல்வளைவு முதலிய கலைப்பாணிக் கூறுகளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பாணியைக் கொண்டு காலத்தைத் துணிவதற்கு, ஆண்டு உறுதியாக அறியப்பட்ட சில படிமங்களேனும் அளவுகோலாக அமைதல் வேண்டும். அவ்வாறு அமைந்த மிகச் சிலவற்றுள் தலையாயது திருவெண்காட்டு இடபவாகனர் திருமேனி. அதன் காலமும் பெயரும் எவ்வகைச் சான்றுகளால் நிறுவப்படுகின்றன என்பதையும், அச்சான்றுகளின் வலிமையும் எல்லையும் யாவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விடையேறும் தொன்மம்

சிவபெருமானுக்கு ஏறே ஊர்தியும் கொடியும் ஆகும் என்னும் கருத்துப் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே இடம்பெறுகிறது. தேவாரத்தில் இக்கோலம் மிகப் பலவிடத்துப் பேசப்படுகிறது. திருவெண்காட்டிற்கு அண்மையிலுள்ள சீர்காழியில் ஞானசம்பந்தர் பாடிய முதற்பதிகத்தின் முதலடியே விடையேறிய கோலத்தைக் காட்டுகிறது. முப்புரம் எரித்த நாளில் திருமால் விடையாகி இறைவனைத் தாங்கினார் என்னும் புராணச்செய்தியைத் திருவாசகத்துத் திருச்சாழல் எடுத்துரைக்கிறது. எனவே கி.பி. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்திருமேனியை வடித்த கலைஞனுக்கும் அதனை வணங்கிய அடியார்க்கும் இக்கோலம் பாடல்வழி நன்கு பழகிய ஒன்றேயாகும்.

திருவெண்காட்டிற்கே உரிய தலபுராணமும் விடையோடு தொடர்புடையது. மருத்துவாசுரன் சூலத்தால் நந்தியைத் தாக்கினான் என்றும், அவனை அழிக்கச் சிவன் அகோரமூர்த்தியாக வெளிப்பட்டார் என்றும் அது கூறுகிறது. ஆயினும் தலபுராணங்கள் இன்றுள்ள வடிவில் தொகுக்கப்பட்ட காலத்தையும் திருமேனி வார்க்கப்பட்ட காலத்தையும் ஒன்றாகக் கொள்ளல் ஆகாது. இடபவாகனரை இவ்வூரார் விரும்பிச் செய்வித்ததற்கு அப்புராணமே காரணம் என்று துணிவதினும், தேவார மரபின் பொதுச்செல்வாக்கைக் காரணமாகக் கொள்வதே பாதுகாப்பான முடிவாகும்.

படிமத்தின் அமைப்பு

மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்திலுள்ள திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் மண்ணுள் புதையுண்டிருந்த செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றான இடபவாகனர் இன்று தஞ்சாவூர் அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. உயரம் ஏறக்குறைய 106 செ.மீ. தேவியின் திருமேனியும் உடன் உள்ளது.

சிவன் திருமேனிகள் பலவும் நான்கு கரங்களும் அவற்றில் மழு, மான் முதலிய அடையாளங்களும் உடையன. இத்திருமேனிக்கோ இரு கரங்களே உள்ளன; அவற்றில் படைக்கலம் எதுவும் இல்லை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை அதன் குறுக்கே மாற்றி வைத்த நிலையில் உடல் இயல்பாக ஒசிந்து நிற்கிறது. சடை பாம்புகளோடு பின்னித் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. இடக்கை தொடையருகே தளர்ந்திருக்க, வலக்கை முழங்கையளவில் மடங்கி, எதன்மீதோ ஊன்றியதுபோல நீண்டுள்ளது.

அது ஊன்றிய விடை இன்று இல்லை. இருப்பினும் அதன் இருப்பிடத்தைத் திருமேனியே அறிவிக்கிறது. உடலின் சாய்வும், கால் மாற்றிய நிலையும், முன்கை நிற்கும் மட்டமும் ஆகிய மூன்றும் பக்கத்தில் மார்பளவுக்குக் கீழ்ப்பட்ட உயரமுடைய ஒரு தாங்கியை வேண்டுகின்றன. இடபவாகனரின் கை விடையின்மேல் ஊன்றியிருத்தல் வேண்டும் என்னும் ஆகம மரபும் இதற்கு அரணாகிறது. ஆயின் அந்நிலையில் தோன்றும் எளிமையும் நெகிழ்ச்சியும் அளவுநூல் விதியால் மட்டும் விளைந்தவை அல்ல. அவை வடித்தவன் கைத்திறத்தால் வந்தவை.

வார்ப்புமுறை

இத்தகைய திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் ஆக்கப்பட்டன. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பொருளால் முதலில் உருவம் முழுமையாகச் செய்யப்படும். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண் பல படலங்களாகப் பூசப்பட்டு உலர்த்தப்படும். அச்சினைச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் செம்பு மிகுந்த உலோகக்கலவை உருக்கி ஊற்றப்படும். ஆறியபின் மண் அச்சு உடைக்கப்பட்டு, உளியாலும் அரத்தாலும் உருவம் செப்பம் செய்யப்படும்.

மெழுகும் அச்சும் ஒருமுறையிலேயே அழிந்துவிடுவதால் ஒரே அச்சிலிருந்து இரண்டாம் திருமேனி தோன்ற இயலாது. ஒவ்வொன்றும் தனிப்படைப்பே. ஒரு பட்டறையின் படைப்புகளுக்குள்ளும் வேறுபாடு அமைதல் இயல்பாதலின், சிறு வேறுபாடுகளைக் கால வேறுபாடாகக் கொள்ளும் பாணிக்கணிப்பு பிழைபட இடமுண்டு. ஆண்டு அறியப்பட்ட திருமேனியின் இன்றியமையாமை இதனாலும் விளங்கும்.

கல்வெட்டுச் சான்று

திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டு ஒன்று, முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1011இல், இடபவாகன தேவருக்கு அளிக்கப்பட்ட கொடையைக் குறிக்கிறது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டிற்கு, கி.பி. 1012க்கு, உரியது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இச்செய்தி திருமேனியின் பீடத்தில் பொறிக்கப்பட்டதன்று. கோயிற் கல்லில் வெட்டப்பட்டது. எனவே கல்வெட்டுக் கூறும் இடபவாகன தேவரும் மண்ணிலிருந்து கிடைத்த திருமேனியும் ஒன்றே என்பது நேர்ச்சான்று அன்று. கருதலளவையால் பெறப்படும் முடிவு. அம்முடிவினை மூன்று ஏதுக்கள் தாங்குகின்றன. முதலாவது, இரண்டும் ஓரூர்க்கு உரியவை. இரண்டாவது, விடை இல்லாத நிலையிலும் திருமேனியின் நிற்கும் நிலை கல்வெட்டுக் கூறும் பெயரோடு பொருந்துகிறது. மூன்றாவது, அதன் கலைப்பாணி இராசராசன் காலத்திற்கு ஏற்புடையது. இவற்றுள் மூன்றாவது ஏதுவை மட்டும் கொண்டு முடிவு செய்யின் அது வட்டவாதம் ஆகிவிடும். பாணியால் ஆண்டையும், ஆண்டால் பாணியையும் நிறுவுவதாக முடியும். முதலிரண்டு ஏதுக்களும் பாணியைச் சாராமல் நிற்பதனாலேயே இத்திருமேனியை அளவுகோலாகக் கொள்ள இயல்கிறது.

தஞ்சைச் சான்றோடு ஒப்பீடு

அதே 26ஆம் ஆட்சியாண்டில்தான், தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். அக்கோயிற் கல்வெட்டுகள் 60க்கும் மேற்பட்ட செப்புத்திருமேனிகளைக் குறிக்கின்றன. உயரம் பாதாதிகேசாந்தமாக முழத்திலும் விரலிலும் அளந்து கூறப்படுகிறது. கரங்களின் எண்ணிக்கையும் அணிகலன்களும் விரித்துரைக்கப்படுகின்றன. ஆனால் அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. தஞ்சையில் எழுத்து எஞ்சியது, உருவம் மறைந்தது. பிறவூர்கள் பலவற்றில் உருவம் எஞ்சியது, அதனைக் குறிக்கும் எழுத்து இல்லை. இரண்டும் ஒருசேர எஞ்சிய அரிய இடம் திருவெண்காடு.

முடிவுரை

இடபவாகனர் திருமேனி அழகால் மட்டும் சிறப்புறுவதன்று. பாடல் தொன்மத்தையும், நிற்கும் நிலை மறைந்த விடையையும், கல்வெட்டு ஆண்டையும் தருகின்றன. இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சியவற்றின் பொருள் சுருங்கிவிடும். கல்வெட்டு திருவெண்காட்டிலும் திருமேனி தஞ்சையிலும் இருக்கும் இன்றைய நிலையில், அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காட்டும் பொறுப்பு ஆய்வாளர்க்கு உரியது. ஆண்டு குறிக்கப்பெறாத பிற திருமேனிகளைத் திருவெண்காட்டோடு ஒப்பிட்டுக் காலம் கணிப்போர், ஒப்புமை எக்கூற்றில் அமைகிறது என்பதையும், பாணியைச் சாராத வேறு சான்று உளதா என்பதையும் வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கப்படும்போதே சோழர் செப்புத்திருமேனிகளின் கால வரிசை உறுதிபெறும்.