சப்நெட் கணக்கு: 256-லிருந்து கழித்தால் போதும்!

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வுக்கு நான் படித்தபோது, நண்பர்கள் பலரும் பயந்தது சப்நெட் கணக்கைப் பார்த்துத்தான். தேர்வு அறையில் கால்குலேட்டர் கிடையாது, நேரமும் குறைவு. எனக்குக் கைகொடுத்த எளிய வழியை இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரையே பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். 192.168.1.5 போன்ற ஐ.பி. முகவரியும், பெரும்பாலான வீடுகளில் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் தெரியும். முகவரியில் தெரு எது, வீட்டு எண் எது என்று பிரித்துக் காட்டுவதே மாஸ்க்கின் வேலை.

இனி கணக்கு. மாஸ்க் 255.255.255.192 என்று வைத்துக் கொள்வோம். 256-லிருந்து 192-ஐக் கழித்தால் 64. ஆகவே 0, 64, 128, 192 என நான்கு தெருக்கள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 64 எண்கள். முதல் எண் நெட்வொர்க்கின் பெயர். கடைசி எண் எல்லோருக்கும் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி. மீதி 62 எண்களைத்தான் கம்ப்யூட்டர்களுக்குத் தரலாம்.

இந்த மாஸ்க்கில் 192.168.1.60, 192.168.1.70 இரண்டும் பேசிக் கொள்ளுமா? முதலாவது 0-ல் தொடங்கும் தெரு. இரண்டாவது 64-ல் தொடங்கும் தெரு. ஒரே ஸ்விட்ச்சில் இணைத்திருந்தாலும் நடுவே ரௌட்டர் வேண்டும். தேர்வில் மட்டுமல்ல, அலுவலகத்தில் பிரிண்டர் 'காணாமல்' போகும்போதும் இந்தக் கணக்கு உதவும்.

128, 224, 240, 248 ஆகிய மாஸ்க்குகளுக்கும் இதே கழித்தல்தான். தினமும் பத்துக் கணக்கு போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.