மூளைக்கும் உண்டு பிரேக்!

இரவுச் சந்தையில் ஒருவர் திடீரென விழுந்து கைகால் இழுத்துக்கொண்டால், கூட்டத்தில் முதலில் எழும் குரல், "சாவிக்கொத்து இருந்தா கையில கொடுங்க!" என்பதுதான். லாயாங் லாயாங் போன்ற தோட்டப்புறச் சிற்றூரானாலும் சரி, கோலாலம்பூரானாலும் சரி, நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று பேசிக்கொண்டே கூட்டம் கலையும்.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவி கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும். அதை அடக்கும் ஏற்பாடுகள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை பொட்டாசியம் வாசல்கள்.

வாசல் திறந்தால் அமைதி

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரி. அதன் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம்.

ஒரு தகவல் வந்ததும் சோடியம் வாசல்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்கிறது. நரம்பணு துடிக்கிறது. இது ஆக்சிலேட்டர். மறுகணமே பொட்டாசியம் வாசல்கள் திறக்க, பொட்டாசியம் வெளியேறி, நரம்பணு பழைய நிலைக்கு அடங்குகிறது. இது பிரேக். சில வகைப் பொட்டாசியம் வாசல்கள் ஓய்வு நேரத்திலும் லேசாகத் திறந்தே இருக்கும். சின்னத் தூண்டலுக்கெல்லாம் நரம்பணு துள்ளாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை.

இந்த வாசலில் ஓர் அதிசயம் உண்டு. பொட்டாசியத்தை விடச் சோடியம் சிறியது. ஆனாலும் அதற்கு இங்கே வழி கிடையாது. பொட்டாசியம் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறது. வாசல் சுவரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் அதைக் கச்சிதமாகத் தாங்கிக்கொள்கின்றன. சிறிய சோடியத்துக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. 1998-ல் இந்த அமைப்பைப் படம்பிடித்துக் காட்டிய ரோடரிக் மெக்கின்னனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக் தளர்ந்தால்?

பிறந்த முதல் வாரத்திலேயே, பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி, சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். தலைமுறை தலைமுறையாக இப்படி வந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, 1998-ல் காரணம் தெரிந்தது. பொட்டாசியம் வாசலை உருவாக்கும் கே.சி.என்.கியூ.2, கே.சி.என்.கியூ.3 என்ற மரபணுக்களில் பிழை இருந்தது. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலிப்பு நின்றுவிடும். இதே மரபணுவின் கடுமையான பிழையால் வளர்ச்சி பாதிக்கப்படுவதும் உண்டு. அந்தப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல், குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. கிரகணத்தில் வெளியே போனாள், கண்ணேறு பட்டது என்று தாயைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

எல்லா வலிப்புக்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். தலைக்காயம், பக்கவாதம், மூளைத் தொற்று எனப் பல காரணங்கள் உண்டு.

வாழைப்பழம் உதவுமா?

பொட்டாசியம் குறைவென்றால் வாழைப்பழம் சாப்பிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கே சிக்கல் வாசலில், சரக்கில் இல்லை. இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைச் சிறுநீரகம் கவனித்துக்கொள்கிறது. சிறுநீரக நோயாளிகள் அதிகம் சாப்பிட்டால் ஆபத்தும் கூட.

வாசலையே திறந்து வைக்கும் ரெடிகாபின் என்ற மாத்திரை 2011-ல் மேல்நாடுகளில் விற்பனைக்கு வந்தது. தோலும் நகமும் நீலம் பாய்ந்ததும் விழித்திரையில் நிறமாற்றம் ஏற்பட்டதும் தெரியவர, பயன்பாடு குறைந்து, 2017-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று பரவலாகப் பயன்படும் மாத்திரைகளில் பல, சோடியம் வாசலைக் கட்டுப்படுத்தி ஆக்சிலேட்டரைத் தளர்த்துபவை.

ஒளித்து வைக்காதீர்கள்

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. சரியான சிகிச்சை பெற்றால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நோயை மறைக்கிறோம். நோயை மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். புகுந்த வீட்டில் மாத்திரை தவறும்; வலிப்பு திரும்பும். இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது. 1999-ல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். நம் மனத்திலும் அந்தத் திருத்தம் வர வேண்டும்.

கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால்:

• சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள்.

• ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

• வாயில் கரண்டி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம்.

• நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

முதல் முறை வலிப்பு வந்தவர், அது தானாக நின்றிருந்தாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். லாயாங் லாயாங் வட்டாரத்தினர் குளுவாங் மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரை தொடங்கியபின் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு நின்றுவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.